துடித்தது ஒரு நெஞ்சு

எதிர் வீட்டுக்காரருக்குக் குயில் என்று பெயர் வைத்தது நான் இல்லை. நான் இந்தக் கட்டடத்துக்குக் குடிவருவதற்கு முன்பே அவருக்கு அந்தப் பெயர் இருந்தது. நான் செய்ததெல்லாம் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு அதைச் சொல்லிவைத்ததுதான். முகத்துக்கு நேரே எல்லோரும் 'சார்' என்போம். லிஃப்ட் கதவு மூடியதும் அவர் குயிலாகிவிடுவார்.

பகலில் அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வார். மற்ற நேரத்தில் பாடகர். பெரிய பாடகர்களுக்குப் பின்னால் பத்துப் பேர் நின்று 'ஆ' போடுவார்களே, அந்தப் பத்தில் ஒருவர். தனியாகப் பாடியது ஒரே ஒரு பாட்டு. நண்பர் ஒருவர் மெட்டுப்போட, இவர் பாட, அதை இணையத்தில் பாட்டு ஓட்டும் கம்பெனியில் ஏற்றி வைத்திருந்தார். மழை நின்ற பிறகு, யாரோ இரவல் கொடுத்த குடையைத் திருப்பித் தருவதற்காக பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கிற ஒருவனைப் பற்றிய பாட்டு. நல்ல பாட்டு என்றுதான் நாங்கள் எல்லோரும் அவரிடம் சொல்லியிருந்தோம். அவர் வீட்டுக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வேறென்ன சொல்வது?

வினை அந்தக் கம்பெனி அனுப்பிய அறிவிப்பில் வந்தது.

இப்போதெல்லாம் யாரும் பாட்டைத் தேடிப் போடுவதில்லை. கையில் கட்டியிருக்கும் வாட்ச் நாடி பிடித்துப் பார்க்கிறது. சோர்ந்திருந்தால் அதற்கு ஒரு பாட்டு, படியேறினால் அதற்கு ஒரு பாட்டு, மாமியார் வந்திருந்தால் அதற்கும் ஒன்று. அதில் பாதியை மனிதர் எவரும் பாடியதே கிடையாது. மெஷினே அந்த நிமிஷத்தில் மாவு பிசைந்து, தட்டி, சுடச்சுடப் போடுகிறது. வாட்சுக்குக் காதும் உண்டு. அண்டை அயலில் எங்கே எந்தப் பாட்டு ஓடினாலும் ஒட்டுக்கேட்டு, கட்டியிருப்பவரின் நாடி அதற்கு என்ன செய்தது என்று கம்பெனிக்குக் கோள் சொல்லிவிடும். அந்த வகையில் எனக்கு அதன்மேல் ஒரு மரியாதைகூட உண்டு.

இனிமேல் ஒரு பாட்டை எத்தனை பேர் கேட்டார்கள் என்பது கணக்கில்லை, எத்தனை நெஞ்சு துடித்தது என்பதுதான் கணக்கு என்று அறிவிப்பு சொன்னது. வருகிற மாதக் கடைசிவரை பார்ப்பார்களாம். அதற்குள் ஒரு நெஞ்சைக்கூட அசைக்காத பாட்டு 'ஓய்வுக்கு' அனுப்பப்படுமாம். என்ன ஓய்வு, பென்ஷனா தரப்போகிறார்கள்? அழிப்பதற்கு வைத்த மரியாதையான பெயர் அது.

குயிலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருடைய மனைவி கிளினிக்கில் நர்ஸ். கட்டடம் முழுக்க அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவள்தான் என்னிடம் வந்து சொன்னாள். பாட்டுதான் நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறதே என்று இவள் சமாதானம் சொல்லப்போக, அவர் சுள்ளென்று விழுந்தாராம்.

"குடத்துக்குள்ள வச்ச வெளக்கு எதுக்குடி? நான் பாடுனேன்னு வெளிய இருக்கிறது அது ஒண்ணுதான்."

அதன் பிறகு அவர் ஒவ்வொரு வீடாக வந்தார். ஓட்டுக் கேட்க வருகிறவர் மாதிரி வாசலிலேயே நின்று, முடிந்தால் ஒரு தடவை வாட்சைக் கட்டிக்கொண்டு கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் கேட்டோம். வஞ்சகமில்லாமல் கேட்டோம். நான் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். குடைக்காரன் பாவம் என்று நினைக்கப் பார்த்தேன். அவன் குடையிலிருந்து என் மனம் கொடியில் காயும் துணிக்குப் போய்விட்டது. பாட்டு முடிந்ததும் வாட்ச் அதிர்ந்தது. 'நல்ல ஓய்வில் இருக்கிறீர்கள், வாழ்த்துகள்' என்றது.

மற்றவர்கள் கதையும் அதேதான். பாட்டைப் போட்டுவிட்டு மாடிப்படி ஏறி இறங்கினால் நாடி எகிறும் என்று நாலாம் மாடிக்காரர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். மூச்சிரைக்க ஏறியும் இறங்கினார். மெஷின் அதை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதிக்கொண்டது.

பாட்டுக்குச் சொந்தக்காரர்களுக்கு கம்பெனி தனியாகக் கணக்குக் காட்டும். அதை குயில் என் வாசலில் வைத்துத்தான் பார்த்தார். கேட்டவர்கள் என்ற இடத்தில் ஒரு கூட்டமே இருந்தது. அசைந்தவர்கள் என்ற இடத்தில் பூஜ்யம். அவர் என்னைப் பார்த்தார். நான் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தேன். வருஷக்கணக்காக நாங்கள் சொன்ன 'பிரமாதம்' எல்லாம் அந்தப் பூஜ்யத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. வாய் ஆயிரம் சொல்லும், நாடியை அதட்டி வைக்க முடியுமா? அன்றிலிருந்து லிஃப்டில் அவருடன் மாட்டிக்கொண்டால் எல்லோரும் கூரையையே பார்த்தோம்.

கீழே தபால் பெட்டிகள் இருக்கும் இடத்தில்தான் எங்கள் பாராளுமன்றம் கூடும். இந்தப் பாட்டு விவகாரம் எங்கே போய் முடியும் என்று அங்கே பெரிய ஆராய்ச்சி நடந்தது. கொஞ்ச காலத்தில் ஆளுக்கொரு பாட்டு என்று ஆகிவிடும், அண்ணன் பாட்டு தம்பிக்குத் தெரியாது என்றார் ஒருவர். அப்படியானால் கல்யாண மண்டபத்தில் என்ன போடுவார்கள் என்றார் இன்னொருவர். எல்லார் நாடியையும் கூட்டி வகுத்து ஒன்று போடும் என்று பதில் வந்தது. பிறந்த குழந்தைக்குத் தாலாட்டைக்கூட அதன் நாடி பார்த்துத்தான் மெஷின் போடுமாம். அம்மா பாடினால் பிடிக்கவில்லை என்று வாட்ச் சொல்லிவிடுமாம். சிரித்துக்கொண்டேதான் பேசினோம். பிள்ளைத்தாய்ச்சியான ஒருத்தி மட்டும் சிரிக்காமல் மேலே போய்விட்டாள்.

குயில் அடுத்து ஒரு காரியம் செய்தார். ஸ்பீக்கரைக் கொண்டுவந்து பால்கனியில் வைத்தார். சாயந்திரம் கடையிலிருந்து வந்ததும் பாட்டைப் போடுவார். அக்கம்பக்கத்து ஜன்னல்களுக்குள் ஏதாவது ஒரு வாட்ச் கேட்காதா, ஏதாவது ஒரு நெஞ்சு இளகாதா என்ற நப்பாசை. மீன் பிடிக்கிறவன் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பது போல, பாட்டைப் போட்டுவிட்டு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சட்டையைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார்.

தூண்டில் ஆடியது.

'அசைந்தவர்: ஒருவர். உங்களுக்கு அருகில்.' மறுநாளும் ஒருவர். அதற்கு மறுநாளும். அதே ஒருவர்தான் என்று மெஷின் சொன்னது. ஆள் யார் என்று சொல்லாது, அது அந்தரங்கமாம். ஊரார் நாடியெல்லாம் கையில் வைத்துக்கொண்டு அதற்கு ஓர் அந்தரங்கம்.

குயில் ஆளே மாறிப்போனார். படியில் சீட்டியடித்துக்கொண்டு ஏறினார். லிஃப்டில் எங்களை அவர் நேருக்கு நேர் பார்க்க, நாங்கள்தான் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டோம்.

சிஸ்டருக்கும் முதலில் சந்தோஷம்தான். ரெண்டு நாள் போனதும் என் சமையலறைக்கு வந்து, கேட்காமலே வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். அப்படி உரித்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"அந்த ஒருத்தர் யாருக்கா?" என்றாள்.

"நீதானோ என்னவோ."

"நான் இல்ல. கட்டிப் பாத்துட்டேன்." வெங்காயத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "என்னோடது அசையல."

நான் பேச்சை மாற்றினேன். நானே பேச்சை மாற்றினேன் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். அவளுக்கு ஒரு பக்கம் தன் நெஞ்சு கல்லாகிவிட்டதே என்று கவலை, இன்னொரு பக்கம் கல்லாகாத அந்த நெஞ்சு எந்த வீட்டில் இருக்கிறது என்ற கவலை.

இந்த மாதிரி வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். இரண்டாம் மாடி ட்யூஷன் டீச்சர் சாயந்திரமானால் ஜன்னலைத் திறந்து வைக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தனியாக இருக்கிறாள் என்பதும் தெரியும். ஒரு கிண்ணம் சர்க்கரை கேட்டுக்கொண்டு போய், அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். வாட்ச் பட்டை பட்டால் தடிப்பு வருகிறது என்று கழற்றி மாதங்கள் ஆகிவிட்டதாம். சர்க்கரையோடு திரும்பி வந்தேன். ஆள் அகப்படவில்லை.

ஆள் தானாகவே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை குயில் வீட்டு அழைப்புமணி அடித்தது. என் கதவும் தற்செயலாகத் திறந்திருந்தது. வந்தவர் எங்கள் கட்டடச் சங்கத்தின் செக்ரட்டரி. குயிலுக்கு நேர் கீழ் வீடு. தண்ணீர் மோட்டார் முதல் பார்க்கிங் வரை எல்லாவற்றுக்கும் கத்துகிற மனிதர். கொஞ்ச நாள் முன்பு நெஞ்சில் அடைப்பு வந்து, இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். அவருடைய மாப்பிள்ளை ஒரு வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டிருந்தார்.

"சண்டைக்கு வரல சார்," என்றார் செக்ரட்டரி. "சண்ட போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதனாலதான் இவ்வளவு நாள் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தேன்."

போனை நீட்டினார்.

"பாட்டக் கொஞ்சம் நிறுத்திக்கங்க. சாயந்திரம் ஆனா எனக்குப் படபடன்னு வருது. சரி, அது மேல் வீட்டுச் சத்தம், போகட்டும். காலைல ஒரு சாமி பாட்டு கேக்கலாம்னு அமுக்குனா நீங்க வர்றீங்க. செய்தி கேக்கலாம்னா அதுக்கு முன்னாடி நீங்க. தூங்கறதுக்கு ஒண்ணு போடுன்னு சொன்னா, அங்கயும் நீங்கதான் குடையப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க. எனக்கும் இந்தக் கம்பெனிக்கும் என்ன பகைன்னு தெரியல."

அவர் போனின் முகப்பில், குயில் பாட்டின் பெயருக்கு மேலே, 'உங்கள் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது' என்று போட்டிருந்தது.

குயில் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடிக் கடையில் எத்தனையோ பேரைக் கடைசி வரி வரை படிக்கவைத்தவர், இந்த ஒரு வரியில் நின்றுவிட்டார்.

"அது நீங்களா?" என்றார்.

விஷயம் விளங்க செக்ரட்டரிக்கு நேரமாயிற்று. மெஷினுக்கு நாடி எகிறுவது தெரியும், ஆசையில் எகிறுகிறதா ஆத்திரத்தில் எகிறுகிறதா என்பது தெரியாது. கட்டடத்திலேயே அந்தப் பாட்டைக் கேட்டால் வயிறு எரிகிற ஒரே ஆளின் வயிற்றெரிச்சலில்தான் பாட்டு உயிரோடு இருந்திருக்கிறது. நான் சிரித்திருப்பேன். குயிலின் முகத்தைப் பார்த்துவிட்டதால் சிரிக்கவில்லை.

சிஸ்டர் அதற்குள் செக்ரட்டரியை உட்காரவைத்து, வாட்சை நம்பாமல் தன் விரலால் நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்ததும் புருஷனைப் பார்த்தாள்.

"இன்னிக்கோட நிறுத்துங்க. ஒரு பாட்டுக்காக ஒரு மனுஷனக் கொல்லப் போறீங்களா?"

குயில் பால்கனிக்குப் போய் ஸ்பீக்கரை எடுத்துவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

சாயந்திரங்கள் அமைதியாகப் போயின. அமைதி என்றால் சாவு வீட்டு அமைதி. மாதக் கடைசி நெருங்க நெருங்க, அவர் கடையிலிருந்து வந்து பால்கனியில் வெறுமனே நிற்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். செக்ரட்டரியின் போனிலும் அந்தப் பாட்டு வராமல் மாப்பிள்ளை அடைத்துவிட்டதால், கணக்கு பழையபடி பூஜ்யத்துக்கு வந்துவிட்டதாக சிஸ்டர் சொன்னாள். அறிவிப்பின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததாம், கடைசி வாரத் துடிப்புதான் செல்லுமாம், முந்தைய துடிப்புக்கெல்லாம் மதிப்பில்லையாம். நல்லதைத்தான் சொன்னேன், ஏன் குற்றவாளி மாதிரி இருக்கிறது என்றாள்.

அந்த வாரத்தில்தான் செக்ரட்டரி மறுபடியும் படியேறி வந்தார்.

"என்ன சார், கடைய மூடிட்டீங்க?"

"உங்களுக்கு ஆகாதேன்னுதான்."

"ஆகாதுதான். ஆனா என்னால ஒரு பாட்டு செத்துதுன்னு இருக்க வேண்டாம். உங்க வீட்டம்மா பக்கத்துல இருக்கட்டும். அளவா கோவப்படறேன்."

நடு அறையில் நாற்காலி போட்டார்கள். சிஸ்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். குயில் பாட்டைப் போட்டார். செக்ரட்டரி கோபப்படுவதற்காக நிமிர்ந்து உட்கார்ந்தார். பாதிப் பாட்டில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். சிஸ்டர் பதறிவிட்டாள்.

"குடைய அவன் குடுத்தானா இல்லையா?"

"கடைசி சரணத்துல தெரியும்," என்றார் குயில்.

"அதுவரைக்கும் நான் கேட்டதே இல்ல. அதுக்குள்ள ஜன்னலச் சாத்திடுவேன். சரி, போடுங்க."

கடைசி சரணம் வந்தது. செக்ரட்டரி தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். குடை என்ன ஆயிற்று என்று தெரிந்ததும், 'ம்' என்றார். இன்னொரு தடவை போடச் சொன்னார். அந்த 'ஆ' இழுக்கிற இடத்தில் என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தார். மோட்டார் ரிப்பேர்காரனிடம் விசாரிப்பது மாதிரி நுணுக்கி நுணுக்கிக் கேட்டார். மறுநாள் தன் நாற்காலியைத் தானே கொண்டுவந்தார். மூன்றாவது முறை கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டார், கால் கட்டைவிரல் தாளம் போட்டது.

நாடி குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது.

'அசைந்தவர்கள்: பூஜ்யம்.' செக்ரட்டரியின் வாட்ச் அவருக்கும் வாழ்த்துச் சொன்னது, நல்ல ஓய்வாம்.

பிடித்துப்போனதால்தான் கெட்டது என்று நாங்கள் புரிந்துகொண்டபோது ஒரே ஒரு சாயந்திரம் மீதி இருந்தது. தபால் பெட்டிப் பாராளுமன்றம் அவசரமாகக் கூடியது. செக்ரட்டரிக்குக் கொஞ்சமாக, மருந்து அளவுக்கு எரிச்சல் ஊட்டுவது என்று முடிவாயிற்று. சிஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. தன் பையில் மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டாள். எரிச்சல் ஊட்டும் பொறுப்பு யாருக்கு என்பதில் கட்டடத்துக்குள் இரண்டு கருத்து இல்லை. நானும் முன்மொழியப்படும்வரை காத்திருக்கவில்லை.

பாட்டு ஆரம்பித்ததும் நான் உள்ளே போய், மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிவதாகச் சொன்னேன். சாதாரணமாக இதற்கு அவர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். வழியட்டும் என்றார். நாலாம் மாடிக்காரர் வந்து, யாரோ செக்ரட்டரி வண்டி நிறுத்தும் இடத்தில் பழைய சோபாவைப் போட்டிருப்பதாகச் சொன்னார். அசையவில்லை. சங்கத்துக்கு அடுத்த வருஷம் வேறு செக்ரட்டரி பார்க்கலாமா என்று பேச்சு அடிபடுகிறது என்று நான் என் கடைசி அஸ்திரத்தை விட்டேன். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"எல்லாம் அப்புறம் பேசலாம்மா. இந்த எடத்துல பேசாதீங்க, மூச்ச எங்க எடுக்கிறார்னு பாக்கணும்."

எங்கள் எல்லோருக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. குயில் போனையும் வாட்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் துடிப்பையாவது மெஷின் எடுத்துக்கொள்ளும் என்று ஒரு கணம் நம்பினேன். நாங்கள் பேசிக்கொண்டே இருந்ததால், பாட்டைக் கேட்டதாகவே அது எங்களைச் சேர்க்கவில்லை.

மறுநாள் பாட்டு இருந்த இடத்தில் 'ஓய்வில்' என்று சாம்பல் நிறத்தில் எழுதியிருந்தது. குயில் வழக்கம்போல் கடைக்குப் போனார். செக்ரட்டரி அன்றைக்கும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சிஸ்டர் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள். கேட்டார், போனார். இதோடு முடிந்தது, குயில் தாங்கிக்கொண்டார் என்று நான் நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன்.

முடியவில்லை.

சில வாரம் கழித்து, ஒரு விடுமுறை நாள் மத்தியானம், கீழ் வீட்டிலிருந்து குயிலின் குரல் கேட்டது. குயில் அப்போது என் வாசலில் நின்று என்னோடு பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். சந்தேகமே இல்லை, அவர் குரல். பாட்டுதான் வேறு. யாரோ ஒருத்திக்காக ரயில் நிலையத்தில் விளக்கணைந்த பிறகும் காத்திருக்கிற பாட்டு.

செக்ரட்டரி போனைக் கையில் பிடித்தபடி படியேறி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"சாமி பாட்டுதான் சார் அமுக்குனேன். இது வருது. நீங்க எப்ப பாடுனீங்க இத?"

சத்தம் கேட்டு சிஸ்டர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நின்று கேட்டாள். மூச்சு வாங்காமல், எங்கும் பிசிறாமல் அந்தக் குரல் மேலே போய், அங்கே கொஞ்சம் நின்று, இறங்கியது. சிஸ்டரின் கண் கலங்கிவிட்டது. நாடி ஏறியதென்று கையில் கட்டியிருந்த வாட்ச் மெல்ல அதிர்ந்தது.

"ரொம்ப நல்லாருக்குங்க," என்றாள். "என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நான் பாடல," என்றார் குயில்.

பாட்டை ஏற்றும்போது, அவர் குரலில் மெஷின் பாடிக்கொள்ளலாம் என்பதற்கும் சேர்த்துச் சம்மதம் என்று அமுக்கியிருக்கிறார். எல்லோரும் அமுக்குவதுதான். பாட்டை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, குரலை வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். செக்ரட்டரியின் நெஞ்சுக்கு நெருக்கமான குரல் என்று அதில் ஏற்கெனவே பதிவாகியிருந்ததே.

சிஸ்டர் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டாள். காப்பி போடுவதாகச் சொன்னாள், போடப் போகவும் இல்லை. செக்ரட்டரி பாட்டை நிறுத்தப் போனார். இதற்கு வழக்குப் போடலாம், தன் மாப்பிள்ளையிடம் கேட்கிறேன் என்றார். குயில் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தாதீங்க. மொதல்லேர்ந்து போடுங்க."

மூன்று தடவை கேட்டார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. நாங்கள் யாரும் அங்கே இருப்பதாகவே அவருக்குத் தெரியவில்லை.

இப்போது தினமும் காலையில், கடைக்குப் போகும் முன், எதிர் வீட்டிலிருந்து அந்த ரயில் நிலையப் பாட்டு கேட்கிறது. சாதகம் செய்கிறார். மேலே போய் நிற்கிற அந்த இடத்துக்கு வந்ததும் குரல் உடைகிறது. பிறகு போனில் அந்த வரியை மட்டும் போட்டுக் கேட்டுவிட்டு, மறுபடியும் ஆரம்பிக்கிறார்.